அம்மா இருக்கும் பிள்ளைக்கு இல்லம் எதற்கு?

கொரோனாவின் முதல் அலை ஓய்ந்துகொண்டிருந்த 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கணக்கு வந்தது. நாடு முழுவதும் குழந்தைகள் இல்லங்களில் இருந்தவர்கள் 2,27,518 பேர். அவர்களில் 1,45,788 பேர் பெருந்தொற்றை முன்னிட்டுப் பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோ அனுப்பப்பட்டிருந்தார்கள். நூற்றுக்கு அறுபத்துநான்கு பேர்! பல ஆண்டுகளாக இல்லங்களிலேயே வளர்ந்த பிள்ளைகளை, நோய்க்குப் பயந்து, சில மாதங்களில் வீட்டுக்கு அனுப்பிவிட முடிந்தது. போய்ச் சேர ஒரு வாசல் இருந்ததால்தானே அனுப்ப முடிந்தது? யாருமற்ற பிள்ளைகள் என்று நம்பித்தான் அதுவரை நாம் அரிசி மூட்டை இறக்கினோம், பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட்டோம், ரசீது வாங்கிக்கொண்டு வந்தோம். நம்முடைய ஈகையில் குறையில்லை. அது போய்ச் சேரும் இடம்தான் பிழையானது. பிள்ளைக்குத் தரும் பணம் பிள்ளையின் வீட்டுக்குப் போகவேண்டும், தாயின் கைக்குப் போகவேண்டும். இல்லத்துக்குப் போவது வேறு வழியே இல்லாதபோதுதான். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இது ஒன்றைத்தான்.

இதைத் தமிழ்நாட்டில் உரத்துச் சொல்லக் காரணம் உண்டு. ஒன்றிய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்துக்காக 2016-17இல் நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. ஒன்பதாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட இல்லங்கள் பதிவாகின. மாநிலவாரியாகப் பார்த்தால் தமிழ்நாட்டில்தான் அதிகம். நாடு முழுவதும் அந்த இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தாய் தந்தை இருவரில் ஒருவரைக் கொண்டவர்கள். தாயும் தந்தையும் இல்லாதவர்கள் அவர்களைவிட மிகக் குறைவு. கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னணியில் நிற்கும் மாநிலம் இந்தப் பட்டியலிலும் முதலில் நிற்பதைச் சிலர் பெருமையாகவே பார்க்கிறார்கள். தொண்டுள்ளம் மிகுந்த மண் என்கிறார்கள். தொண்டுள்ளம் மிகுந்த மண்தான். ஆனால் தாயுள்ள பிள்ளைகள் இத்தனை பேர் தாயைப் பிரிந்து தூங்குகிறார்கள் என்பதும் அதே பட்டியலில் எழுதியிருக்கிறது.

தாய்மார்கள் ஏன் பிள்ளைகளைக் கொண்டுபோய் ஹோமில் சேர்க்கிறார்கள்? பாசமில்லாமல் அல்ல. கணவனை இழந்தோ, கணவனால் கைவிடப்பட்டோ, நகரத்தில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து வாழும் பெண்ணின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் கிளம்பவேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது பக்கத்து வீட்டார் தயவில் நடக்கும். பள்ளியிலேயே சாப்பாடு உண்டு, அதனால் மதியம் கவலையில்லை. நாலு மணிக்குப் பள்ளி விட்டுவிடும். அவள் வீடு திரும்ப ஏழு மணி ஆகும். இந்த மூன்று மணி நேரம் பத்து வயதுப் பெண் குழந்தை ஒற்றை அறை வீட்டில் தனியாக இருக்கவேண்டும். கதவைத் தாழிட்டுக்கொள் என்று சொல்லிப் போகலாம்; எத்தனை நாளைக்கு? தெரிந்தவர் ஒருவர், "ஹோம்ல விட்டுடும்மா, சாப்பாடு, படிப்பு, எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க" என்கிறார். அவள் சேர்த்துவிடுகிறாள். அந்தத் தாய்க்குத் தேவைப்பட்டது மாலை நேரத்தில் பிள்ளை பாதுகாப்பாக உட்கார்ந்து படிக்க ஓர் இடம், மாதக் கடைசியில் கைமாற்று வாங்காமல் தப்பிக்க ஒரு சிறு தொகை. நாம் அவளுக்குக் கொடுத்ததோ, இருபத்துநான்கு மணி நேரமும் ஆண்டு முழுவதும் பிள்ளையைப் பிரித்துவைக்கும் ஏற்பாடு.

அரசின் கதவைத் தட்டலாமே என்று கேட்கலாம். தட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்குத் தமிழ்நாட்டில் ஓய்வூதியம் உண்டு. அதைப் பெற மணமுறிவு ஆகியிருக்கவேண்டும், அல்லது நீதிமன்றத்தில் பிரிவுச் சான்று வாங்கியிருக்கவேண்டும், அல்லது கைவிடப்பட்டு ஐந்து ஆண்டுகளாவது ஆகியிருக்கவேண்டும். வயதும் முப்பதைத் தொட்டிருக்கவேண்டும். இருபத்துநாலு வயதில் இரண்டு குழந்தைகளோடு தனியாக நிற்கும் பெண் என்ன செய்வாள்? கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், இ-சேவை மையம் என்று ஒவ்வொரு படியாக ஏறுவதற்கு அரைநாள் கூலி ஒவ்வொரு முறையும் போகும். பிள்ளையை இல்லத்தில் சேர்க்கவோ அவள் ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. தாயோடு பிள்ளை இருப்பதற்கு இத்தனை நிபந்தனை, பிரிவதற்கு இத்தனை எளிது என்று ஓர் ஏற்பாட்டை நாம் அறியாமலே கட்டிவைத்திருக்கிறோம்.

சட்டம் இதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தன் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்றாகவே, இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாக மட்டும் இருக்கவேண்டும் என்கிறது. ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு நெறிமுறைகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன: வறுமை ஒன்றையே காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது, வறுமை தென்பட்டால் அந்தக் குடும்பத்துக்கு உதவி தேவை என்று பொருள். தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது குறித்து 2007இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கில், 2017 மே மாதம் நீதிபதி மதன் லோக்கூர் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு இறுதிக்குள் பதிவுசெய்யப்படவேண்டும் என்பது அதில் பலருக்கும் நினைவிருக்கும் பகுதி. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித் திட்டம் வகுக்கவேண்டும், இல்லம் ஒன்றே தீர்வு என்று நினைக்கக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. அதை நாம் மறந்துவிட்டோம்.

கெட்ட இல்லங்களைக் கொண்டு நல்ல இல்லங்களைப் பழிப்பது நியாயமா என்ற கேள்வி இந்த இடத்தில் எழும். நியாயமில்லை. பீகாரின் முசாஃபர்பூர் காப்பகத்தில் சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமையை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஆய்வு 2018இல் வெளிக்கொண்டுவந்தது. அப்படிப்பட்ட இடங்களை மூடவும் குற்றவாளிகளைச் சிறைக்கு அனுப்பவும் புதிய வாதம் ஒன்றும் தேவையில்லை. நான் பேசுவது நன்றாக நடக்கும் இல்லங்களைப் பற்றி. சுத்தமான படுக்கை, மூன்று வேளைச் சாப்பாடு, அன்பான வார்டன், பள்ளிக்கு வேன் என்று எல்லாம் இருக்கும் இல்லத்திலும் ஒரு குழந்தைக்கு இல்லாதது, தன்னை மட்டும் எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒரு பெரியவர். இருபது, முப்பது பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில், எவ்வளவு நல்ல மனம் இருந்தாலும் அது முடியாது. அந்த ஒருவரும் ஷிப்ட் முடிந்தால் மாறிவிடுவார்.

இது உணர்ச்சிப் பேச்சில்லை என்பதற்கு ருமேனியாவில் நடந்த ஆய்வு ஆதாரம். சௌசெஸ்கு ஆட்சி 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்து மக்கள்தொகையைப் பெருக்க முனைந்தது. வளர்க்க முடியாத பிள்ளைகள் அரசு இல்லங்களில் குவிந்தார்கள். 1989இல் ஆட்சி கவிழ்ந்தபோது அந்த எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. புக்கரெஸ்ட் நகரின் இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளைச் சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஸீனா ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து கவனித்தார்கள். பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள், பாதிப்பேருக்கு வழக்கமான பராமரிப்பே தொடர்ந்தது. குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவு வளர்ச்சியிலும், மனிதரோடு ஒட்டி உறவாடும் திறனிலும் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். பசியில்லாமல் படுத்திருப்பது மட்டும் ஒரு கைக்குழந்தையின் மூளை வளரப் போதாது.

ருமேனியாவின் இருண்ட இல்லங்களை நம் ஊர் இல்லங்களோடு ஒப்பிடலாமா என்று கேட்பவர்களிடம் ஒரு பலமான சான்றும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு வாதம் செய்வது நேர்மையாகாது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியா, கம்போடியா, எத்தியோப்பியா, கென்யா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் ஆறு முதல் பன்னிரண்டு வயதுள்ள ஆதரவற்ற பிள்ளைகளை ஒப்பிட்டது. இல்லங்களில் வளர்ந்தவர்கள், குடும்ப வீடுகளில் வளர்ந்தவர்களைவிட உடல்நலத்திலோ மனநலத்திலோ பின்தங்கியிருக்கவில்லை. இந்தியாவில் ஹைதராபாத்திலும் நாகாலாந்திலும் தகவல் திரட்டினார்கள். இல்லங்களை ஆதரிப்போர் இதைச் சுட்டிக்காட்டுவது சரியே. ஆனால் அந்த ஒப்பீட்டில் மறுபக்கம் நின்றவர்கள் யார்? பெரும்பாலும் யாருடைய உதவியும் எட்டாத ஏழை வீடுகளில், பெற்றோரில் ஒருவரோடோ உறவினரோடோ ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள். ஒருபக்கம் நன்கொடை வந்து சேரும் இல்லம், மறுபக்கம் ஒரு ரூபாயும் வராத குடிசை. இரண்டும் சமமாக நின்றன என்றால், அந்தக் குடிசைக்கு நன்கொடையில் ஒரு பங்கு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் நாம் கேட்கவேண்டிய கேள்வி. கைக்குழந்தைகளைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. குடும்பம் எல்லோருக்கும் நிழல் தருவதில்லை. சகோதரி சுப்புலட்சுமி 1910களில் இளம் கைம்பெண்களைச் சேர்த்துப் படிக்கவைக்கத் தொடங்கியபோதும், அந்த இல்லம் பிறகு திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸில் நடந்தபோதும், அவர் அந்தப் பெண்களைக் காப்பாற்றியது அவர்களுடைய சொந்த வீடுகளிடமிருந்துதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930இல் அவ்வை இல்லம் தொடங்கியது, தேவதாசிக் குடும்பங்களிலிருந்து வெளியேறிய பெண்களுக்கு வேறு எந்தக் கதவும் திறக்காததால். இன்றைக்கும் குடித்துவிட்டு அடிக்கும் தந்தை, வீட்டுக்குள்ளேயே அத்துமீறும் உறவினர், பதினைந்து வயதில் தாலி கட்டிவிடத் துடிக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குப் பிள்ளையைத் திருப்பி அனுப்பு என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளைக்கு அன்றிரவே பாதுகாப்பான ஓரிடம் வேண்டும். அந்த இடங்களுக்குத் தாராளமாகப் பணமும் வேண்டும். ஆனால் அந்த இருவரும் செய்ததை நன்றாகக் கவனித்தால், அவர்களுடைய இல்லங்கள் படிப்பும் தொழிலும் கொடுத்து வெளியுலகில் நிற்கவைக்கும் இடங்களாக இருந்தன என்பது தெரியும். ஐஸ் ஹவுஸிலிருந்து பெண்கள் ஆசிரியைகளாக வெளியே போனார்கள். ஆபத்திலிருக்கும் பிள்ளைக்காகக் கட்டிய இடத்தை, வறுமையில் இருக்கும் பிள்ளையைக் கொண்டு நிரப்புவது அவர்கள் காட்டிய வழியாகாது. அப்படி நிரப்புவதால்தான், உண்மையிலேயே ஆபத்திலிருக்கும் சிறுமி வரும்போது அவளைத் தனியாகக் கவனிக்க ஆளில்லாமல் போகிறது.

இல்லத்திலிருந்து வெளியே வரும் வழியைத் தமிழ்நாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றே உலகுக்குக் காட்டியிருக்கிறது. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் சென்னையில் தொடங்கிய 'தி பேனியன்', தெருவில் திரியும் மனநலம் குன்றிய பெண்களுக்கு அடைக்கலம் தந்த அமைப்பு. சிகிச்சை பெற்றுத் தேறிய பலர் குடும்பங்களுக்குத் திரும்பினார்கள். திரும்ப இடமில்லாதவர்கள் ஆண்டுக்கணக்கில் காப்பகத்திலேயே தங்கிப்போனார்கள். அவர்களுக்காக 2015 வாக்கில் 'ஹோம் அகெய்ன்' என்ற முயற்சி தொடங்கியது. சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடு. நான்கைந்து பெண்கள் சேர்ந்து குடியிருப்பார்கள். கூடமாட உதவ அமைப்பின் பணியாளர் இருப்பார். காய்கறி வாங்குவது, என்ன சமைப்பது என்று முடிவெடுப்பது, பக்கத்து வீட்டு விசேஷத்துக்குப் போவது எல்லாம் அவர்கள் பாடு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட சமூக மனநலச் சேவை வழிகாட்டியில் இது நல்ல முன்மாதிரிகளுள் ஒன்றாக இடம்பெற்றது. நீண்ட நாள் மனநோயோடு வாழும் பெண்களை ஊருக்குள் வாழவைக்க முடியும் என்றால், அம்மா இருக்கும் எட்டு வயதுப் பையனை அவன் தெருவிலேயே வாழவைக்க முடியாது என்று யார் சொல்ல முடியும்?

பணமாகக் கொடுத்தால் அப்பன் குடித்துவிடுவான் என்பது திண்ணைப் பேச்சில் மட்டுமல்ல, படித்தவர்கள் கூட்டத்திலும் வரும் பதில். தமிழ்நாட்டின் வரலாறே இதற்கு மறுமொழி. காமராஜர் 1956இல் மதிய உணவைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார், எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்தார். 2022இல் காலை உணவும் சேர்ந்தது. பிள்ளை பள்ளியில் சாப்பிட்டு, சாயங்காலம் அம்மாவிடம் திரும்பியது. சாப்பாட்டுக்காக எந்தப் பிள்ளையையும் வீட்டைவிட்டுப் பிரிக்கவில்லை. சத்துணவு மையங்களில் வேலைக்குக் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. ஒரே அடுப்பில் பிள்ளைக்குச் சோறும் தாய்க்குச் சம்பளமும். இவ்வளவு தெளிவான பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நம் தொண்டு நிறுவனங்கள் ஏன் இன்னும் கட்டடத்தில் தொடங்குகின்றன என்பது எனக்குப் புரியாத ஒன்று. 2023 செப்டம்பரிலிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வருகிறது. பெண் கையில் கொடுத்த பணம் வீட்டுக்கு ஆகும் என்று நம்பித்தான் ஓர் அரசு இத்தனை பெரிய திட்டத்தைப் போட்டிருக்கிறது.

பிள்ளையைக் குடும்பத்தில் வைத்திருக்க நேரடியாகவே பணம் உண்டு. ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு. தாய் கைம்பெண்ணாகவோ, மணமுறிவு பெற்றவராகவோ, கைவிடப்பட்டவராகவோ இருந்தால் பிள்ளைக்குக் கிடைக்கும். கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கு மிகக் கூடாது. தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டம், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத பிள்ளைகளுக்கும் பதினெட்டு வயதுவரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. தொகை போதாது என்று சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனால் இந்தத் தொகையும் போய்ச் சேராத வீடுகளில் தடையாக இருப்பது மனு எழுதத் தெரியாததும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஓர் அலுவலகம் இருப்பதே தெரியாததும்தான். அங்கேதான் தொண்டு நிறுவனம் வரவேண்டும். தெருவுக்குத் தெரிந்த ஒரு பெண் பணியாளர், ஒரு மாலைநேர மையம், சான்றிதழுக்கு அலைய ஒரு துணை, அவசரத்துக்கு ஒரு மாத வாடகை. பெயர்ப்பலகை வைக்க முடியாத வேலை இது.

2020இன் அனுபவத்தையே எனக்கு எதிராகத் திருப்பலாம். அந்த ஆண்டு செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், தமிழ்நாடு உட்பட எட்டு மாநிலங்களுக்கு, நூறு நாளில் பிள்ளைகளைக் குடும்பத்திடம் சேர்க்கச் சொல்லிக் கடிதம் எழுதியது. வேலையிழந்து வீடே பட்டினி கிடந்த நேரம். பிள்ளை எந்த வீட்டுக்குப் போகிறது, அங்கே அடுப்பெரிகிறதா என்று பார்க்காமல் நாள் குறித்து அனுப்புவது ஆபத்து என்று குழந்தை உரிமைச் செயல்பாட்டாளர்கள் எச்சரித்தார்கள். அவர்கள் சொன்னது சரி. பிறகு உச்ச நீதிமன்றம் தலையிட்டு, வீடு திரும்பிய பிள்ளைகளின் படிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் தரும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. தவறு திசையில் இல்லை, அவசரத்தில் இருந்தது. முதலில் வீட்டைத் தாங்கவேண்டும், பிறகு பிள்ளையை அனுப்பவேண்டும்.

நன்கொடையாளர்களிடமும் பேசவேண்டியிருக்கிறது. பல இல்லங்களின் வாசலில் ஒரு பலகை உண்டு: காலைச் சிற்றுண்டிக்கு இவ்வளவு, மதியச் சாப்பாட்டுக்கு இவ்வளவு, இனிப்போடு என்றால் இவ்வளவு. பிறந்தநாளுக்குக் குடும்பத்தோடு வருகிறோம். பிள்ளைகள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், இலையில் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. முன்பின் தெரியாத நம் பிள்ளைக்கு அவர்கள் கைதட்டி வாழ்த்துப் பாடவேண்டும்; பாடி முடித்த பிறகுதான் கை சோற்றில் படும். பிறகு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறோம். பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு காக்க நினைப்பது இந்தப் பிள்ளைகளின் முகங்களைத்தான். நல்ல எண்ணத்தோடு வருகிறவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. வாரத்துக்கு நாலு பிறந்தநாள் கொண்டாடும் அந்தப் பையனின் சொந்தப் பிறந்தநாளுக்கு அவன் அம்மா பஸ் ஏறி வர முடிந்ததா என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறோமா?

பதினெட்டு வயதானதும் இந்தக் கணக்கின் பாக்கி தெரியவரும். அன்றோடு இல்லத்தின் பொறுப்பு முடிகிறது. சட்டத்தின் 46ஆம் பிரிவின்படி பிற்பராமரிப்பு உண்டு. 21 வயதுவரை, தேவைப்பட்டால் 23 வரை நீட்டிக்கலாம். நடைமுறையில் பலருக்குக் கிடைப்பது ஒரு பையும் வாழ்த்தும்தான். வாடகைக்கு வீடு கேட்டால் முகவரி கேட்பார்கள், வேலைக்குப் போனால் ஜாமீன் கையெழுத்துக்கு ஆள் கேட்பார்கள், ரேஷன் அட்டையில் எந்தக் குடும்பத்தில் பெயர் என்பார்கள். பதினைந்து ஆண்டு பிரிந்திருந்த அம்மாவும் பிள்ளையும் அப்போது ஒருவரையொருவர் தேடினாலும் பேச விஷயம் இருக்காது. ஊரில் இருந்திருந்தால் இதற்கெல்லாம் ஒரு மாமாவோ, டீக்கடைக்காரரோ, படித்த பள்ளியின் ஆசிரியரோ கைகொடுத்திருப்பார்கள்.

தாயும் தந்தையும் உறவும் இல்லாத பிள்ளைகள் இருக்கத்தான் செய்வார்கள். அவர்களுக்குத் தத்து, வளர்ப்புக் குடும்பம், எட்டுப் பத்துப் பேர் மட்டும் வாழும் சிறு இல்லம் என்று வழிகள் உண்டு. இன்றைய எண்ணிக்கையில் ஒரு சிறு பகுதிக்குத்தான் அவை தேவைப்படும். மற்ற இல்லங்கள் நாளையே கதவைச் சாத்தவேண்டியதில்லை. அவற்றின் கட்டடங்கள் பகல்நேர மையங்களாகவும், வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளையோடு தங்கும் விடுதிகளாகவும் மாறலாம். வார்டன்கள் தெருக்களில் பணியாளர்களாகலாம். இதற்குக் குறுக்கே நிற்பது பணம் கொடுக்கும் முறை. தலைக்கு இவ்வளவு என்று நன்கொடை வரும்வரை, வீட்டுக்குத் திரும்பும் ஒவ்வொரு பிள்ளையும் இல்லத்துக்கு நஷ்டக் கணக்கு. இந்த முறையை மாற்ற அரசாணைக்குக் காத்திருக்க வேண்டாம். சிஎஸ்ஆர் நிதி தரும் நிறுவனமும், மாதம் ஐந்நூறு ரூபாய் அனுப்பும் ஆசிரியரும், வெளிநாட்டிலிருந்து பணம் போடும் குடும்பமும் இந்த ஆண்டே மாற்றலாம். இப்போது எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, போன ஆண்டு எத்தனை பேர் அம்மாவிடம் திரும்பினார்கள், அந்த வீட்டுக்கு மாதாமாதம் யார் போய்ப் பார்க்கிறார்கள் என்று கேட்கவேண்டும். திரும்பிய பிள்ளைக்காகவும் இரண்டு ஆண்டு பணம் தருகிறோம், அதை அவன் வீட்டுக்குச் செலவிடுங்கள் என்று எழுதிக் கொடுக்கவேண்டும்.